உலகம்மாளின் முகம்

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் ஒரு மில்லிமீட்டர்கூடப் பொய் சொன்னதில்லை. பாளையங்கோட்டையில் மழை அளக்கிற உத்தியோகம். காலையில் போய் மழைமானியைத் திறந்து, உள்ளே இருக்கிற தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். ஊரே மிதந்தாலும் 'நேற்று கொஞ்சம் கொட்டித் தீர்த்துவிட்டது' என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஓய்வு பெற்ற அன்று கழுத்து மாலையைக் கழற்றி வைத்ததும் முதல் காரியமாக ஒரு பொய் சொன்னேன். விழாவுக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று. வந்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள்; அதில் ஒருவர் டீ கொண்டு வந்தவர். அன்றிலிருந்து என் உலகம் பெருத்துக்கொண்டே போகிறது.

ஆகையால் இதில் யானை வந்தால் பூனை என்று வாசித்துக்கொள்ளுங்கள். உலகம்மாள் பேசுகிற இடங்களில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். அவை மழைமானியில் பிடித்து அளந்தவை.

அந்த வருஷங்களில் எங்கள் வயசுக்காரர்களுக்கெல்லாம் கண்ணின் நடுவில் ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. விழித்திரையின் மையம் செத்துப்போகிற நோய். முன்பு எங்கோ சிலருக்கு வந்தது, பிறகு தெருவுக்குப் பாதிப்பேருக்கு வந்தது. ஓரத்துப் பார்வை நன்றாக இருக்கும். நேரே பார்க்கிற பொருள்தான் இருக்காது. இட்லியைப் பார்த்தால் சட்னி தெரியும். சட்னியைப் பார்த்தால் இட்லி தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு வாய் வைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

அப்போதுதான் 'நோக்கி' வந்தது. பார்க்க வழக்கமான மூக்குக்கண்ணாடி மாதிரியே இருக்கும். மூக்குப் பாலத்தில் கடுகளவு கேமரா. அது எதிரே இருப்பதைப் பிடித்து, நடுவில் உள்ள ஓட்டையை விட்டுவிட்டு, கண்ணில் இன்னும் உயிரோடு இருக்கிற ஓரத்தில் கொண்டுபோய்ப் போடும். நான் ஒன்று வாங்கினேன். பக்கத்து வீட்டுக் கோமதிநாயகம் தனக்கும் தன் மனைவி உலகம்மாளுக்குமாக ஜோடியாக வாங்கினார். ஜோடிக்கு ஒரு குடை இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். குடைக்காகத்தான் ஜோடியாக வாங்கினார் என்பது என் திடமான கருத்து.

கோமதிநாயகம் ஓடுகிற பஸ்ஸை மறித்து ஏறி டிக்கெட் கேட்கிற செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவர் கால் படியில் பட்டதும் பாதி பஸ் ஜன்னல் வழியாகத் தாமிரபரணியில் குதித்துவிடும். ஆள் நல்லவர், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். கோபம் வந்தால் நெற்றியின் நடுவில் ஒரு நரம்பு எழுந்து நிற்கும். அதற்குக் 'கோமதியின் கொடி' என்று பெயர் வைத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததும் நான்தான்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவர் என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"வே தளவாய், ஒம்ம கிட்ட மட்டும் சொல்லுதேன். ஒலகத்துல ஒருத்தருக்கும் மூஞ்சி இல்ல வே."

"எனக்குமா?"

"ஒமக்கு முன்னாலயும் ஒண்ணும் பெரிசா இல்ல. இப்ப சுத்தமா இல்ல. கழுத்துக்கு மேல பஞ்சுமிட்டாய் கணக்கா ஒரு உருண்டை."

நான் டீ டம்ளரை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "சுண்டுவெரல்ல நகச்சுத்தி வந்திருக்கே, எலுமிச்சம்பழம் சொருகலியா?" என்றார். நானே அதைக் கவனித்திருக்கவில்லை.

விஷயம் பிறகு வெளியே வந்தது. முந்தின நாள் டவுனில் ஒரு கல்யாணம். சந்தனக் கிண்ணத்துக்கு நேரே ஒரு கை நீண்டிருக்கிறது. மணிக்கட்டில் எண்ணெய் பட்ட பழைய தழும்பு, கண்ணாடி வளையல். சந்தேகமே இல்லை, உலகம்மாளின் கை. கோமதிநாயகம் அந்தக் கையின் பின்னாலேயே போய்ப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, சுவாதீனமாக அந்த இலையில் இருந்த வாழைக்காய்ப் பொரியலை வழித்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு, "தண்ணிய இங்கிட்டு நவட்டு" என்றிருக்கிறார். அது மாப்பிள்ளையின் அத்தை. ஒரு மகளிர் கல்லூரியின் முதல்வர்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பஞ்சுமிட்டாயெல்லாம் எந்திரிச்சு வந்து என்னயச் சுத்தி நின்னுது. எது ஏசுது, எது சிரிக்குதுன்னு தெரியல. எம் பொண்டாட்டி எங்கன்னு தேடுதேன். நூறு பொம்பள கை. அவ மூஞ்சி மட்டும் இல்ல வே."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனோம். அங்கே கண் பரிசோதிக்கிற ஜெபராணி மேடம் அவருடைய நோக்கியைக் கழற்றி, ஒரு தட்டில் வைத்து, திரையில் ஓடுவதைப் பார்த்தார்.

"சார், கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. அது உங்களைப் படிச்சிருக்கு. உங்க கண்ணுல நல்லா இருக்கிற ஓரம் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்ச எடத்துல எல்லாத்தையும் போட முடியாது. அதனால எதைத் தெளிவாப் போடணும்னு அது தேர்ந்தெடுக்கும்."

"அப்ப கண்ணு ஒரு மினிபஸ்னு சொல்லுங்க" என்றார் கோமதிநாயகம். "சீட்டு கம்மி."

"ஆமா சார். யாருக்கு சீட்டுங்கிறத நீங்கதான் சொல்றீங்க. ஒரு பொருளை இஷ்டமாப் பாத்தா கண்ணுப் பாப்பா விரியும். நோக்கி அதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க இஷ்டமாப் பாக்கிறது முன்னுக்கு வரும், பாக்காம விடுறது மங்கிடும். நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

சொன்னார்.

"டிக்கெட் கேக்கும்போது எங்க பாப்பீங்க?"

"கைய. மூஞ்சியப் பாக்கவே கூடாது மேடம். மூஞ்சியப் பாத்தா எறக்கம் வந்துரும். பிள்ளைக்குக் காய்ச்சல்னு அழுவா. கைக்கு அந்த வம்பு கிடையாது. டிக்கெட் இருக்கும், இல்லன்னா இருக்காது. புதுசா வார பயலுவளுக்கெல்லாம் நான் சொல்லிக் குடுக்க மொத பாடமே அதான்."

ஜெபராணி மேடம் தன் கையை நீட்டினார். "தெரியுதா?"

"மோதிரத்துல சின்னதாக் கல்லு விழுந்திருக்கு."

கையை மடக்கினார். கோமதிநாயகம் பதறிப்போய், "எங்க போச்சு?" என்றார்.

"அது பழகினது நீட்டின கை சார். மடக்கின கையை அதுக்குத் தெரியாது. எந்த நிலையில பாத்துப் பழகுதோ அந்த நிலையிலதான் தெளிவாக் காட்டும்."

"சரி, இப்ப மூஞ்சியப் பழக்கணும். அதுக்கு என்ன பட்டன்?"

"பட்டன் கிடையாது. நீங்க ஒரு முகத்தை நிஜமாவே இஷ்டமாப் பாக்கணும். கடமைக்கு முறைச்சா பாப்பா விரியாது, அது ஏமாறாது. ஒரு முகம் வந்துட்டா மத்த முகமும் கொஞ்சம் கொஞ்சமா வரும். ஆனா சீக்கிரம் செய்யுங்க. மூளையும் கூடவே பழகுது இல்லையா, கொஞ்ச மாசத்துல இறுகிடும். உங்களுக்கு கார்த்திகை பொறந்துட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது. இருக்கிறதுதான் கடைசி வரைக்கும்."

"கடைசி வரைக்கும் பஞ்சுமிட்டாயா?"

"வீட்ல அம்மா இருக்காங்கல்ல? அவங்க முகத்துல இருந்து ஆரம்பிங்க."

என்னுடையதையும் சோதித்தார். என் நோக்கி எண்ணெயில் பொரித்த எல்லாவற்றையும் அபாரமான துல்லியத்தோடு காட்டுகிறது என்றார். அது எனக்குத் தெரிந்ததுதான். ஆற்றுக்கு அந்தக் கரையில் சுடுகிற உளுந்த வடையின் ஓட்டை வழியாக நான் குறுக்குத்துறைக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளாத எனக்கு வேறு எதைப் பழக்குவது?

நான் இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன். ஊரில் நடந்தவை அவ்வளவு சிரிப்பாக இல்லை. பெரிய டாக்டர் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கும்போது தன் வீட்டு வாட்ச்மேன் மேல் ஏற்றிவிட்டார். அங்கே ஓர் ஆள் நின்றதே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று நோக்கியைச் சோதித்தவர்களும் சொன்னார்கள். அத்தனை வருஷமாக அவர் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. பார்க்காததைக் கண்ணாடி எங்கிருந்து காட்டும்? அதற்குப் பிறகு தெரு கூட்டுகிற பெண்கள் கழுத்தில் விசில் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். காலையில் எங்கள் தெருவில் குருவிச் சத்தத்தைவிட விசில் சத்தம்தான் கூடுதலாகக் கேட்டது. விளக்குமாறும் விசிலுமாகக் காற்று நகர்ந்து போகும். நாங்கள் ஒதுங்கி நிற்போம்.

கோமதிநாயகம் முகம் பழகத் தொடங்கினார்.

கூடத்தில் ஒரு நாற்காலியில் உலகம்மாள். எதிரே ஒரு நாற்காலியில் அவர். மத்தியஸ்தத்துக்கு முறுக்குத் தட்டோடு நான். உலகம்மாள் ஒல்லியான, சத்தமில்லாத பெண்மணி. நடந்தால் வளையல்கூடப் பேசாது. அவள் என்னிடம் சொன்ன வார்த்தைகளை எல்லாம் சேர்த்தாலும் அதுவரை ஒரு தபால் கார்டு நிறைந்திருக்காது.

"இங்ஙன பாரு" என்றார் அவர்.

அவள் பார்த்தாள். உடனே, "உப்பு கூடிட்டா?" என்றாள்.

"உப்பும் இல்ல புளியும் இல்ல. ஒம் மூஞ்சியப் பாக்கணும், அவ்வளவுதான். சும்மா இரி."

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் முகத்தை அருகில் கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டாள். காலண்டர் தாள் கிழிக்க மறந்துபோச்சு. துண்டு இன்னும் காயல. பால்காரன் தண்ணி ஊத்திட்டான்.

"வே, இவ என் கண்ணையே பாக்க மாட்டுக்கா வே" என்றார் என்னிடம். "மூஞ்சி தெரியாட்டியும் எந்தப் பக்கம் பாக்கான்னு அந்த உருண்டை திரும்புததுல தெரியுதுல்லா. கண்ணுக்கு மேல, நெத்தியவே பாக்கா. ஏட்டி, எந்நெத்தியில என்ன சினிமாவா ஓடுது?"

அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

"வெக்கம் வே" என்றார் பெருமையாக. "இந்த வயசுல வெக்கம்."

நானும் ஆமாம் என்றேன். முறுக்கு நன்றாக இருந்தது.

புரட்டாசி முழுக்க இப்படிப் போனது. உருண்டை உருண்டையாகவே இருந்தது. ஜெபராணி மேடம் சொன்ன இஷ்டம் அவருக்கு வரவில்லை. எதிரே இருப்பவள் நடுங்கிக்கொண்டிருந்தால் யாருக்கு வரும்? வராத எரிச்சலில் அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் அவள் இன்னும் நடுங்கினாள். ஐப்பசி பிறந்து முதல் மழை கொட்டியது. கணக்குப்படி இருபத்திரண்டு மில்லிமீட்டர். நான் தெருவில் ஐநூறு என்று சொன்னேன்.

அப்படி ஒரு மழை நாளில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். கோமதிநாயகம் கூடத்தில் பெட்டி பேப்பர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி மேல் அவருக்கு ஏதோ கோபம். உலகம்மாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கினாள். கண் எரிந்ததால் நோக்கியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனாள். என் குறும்புக்கு வயசாகவில்லை. உலகம்மாள் மைனி இத்தனை நாளாக என்னத்தைத்தான் இஷ்டமாகப் பார்க்கிறாள், பார்ப்போமே என்று எடுத்து மாட்டிக்கொண்டேன். ஓட்டை எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் என்பதால் ஏறக்குறையப் பொருந்தியது.

முதலில் பொங்குவதற்குத் தயாராக இருக்கிற பாலின் விளிம்பு தெரிந்தது. பிறகு வாசல் கதவின் தாழ்ப்பாள், அதன் துருகூட. மற்றதெல்லாம் மூட்டம். நான் கூடத்தின் பக்கம் திரும்பினேன்.

நாற்காலியில் ஒரு மூட்டம் உட்கார்ந்திருந்தது. அதன் உச்சியில், அந்தரத்தில், புருவத்துக்கும் முடிக்கும் நடுவே ஒரு துண்டு நெற்றி. அது மட்டும், அவ்வளவு தெளிவாக நான் உலகத்தில் எதையும் பார்த்ததில்லை. வடையைக்கூட. ஒவ்வொரு சுருக்கமும், ஒவ்வொரு வியர்வைத் துளியும், நடுவில் அந்த நரம்பும். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. நான் பெயர் வைத்த அந்தக் கொடி மட்டும் மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

"கழத்திருங்க அண்ணாச்சி."

உலகம்மாள் பின்னால் நின்றாள். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் கழற்றிக் கொடுத்தேன்.

"மைனி, இது இஷ்டமாப் பாக்கிறததான் காட்டும்னு சொன்னாங்களே."

"இஷ்டமோ என்னமோ. பயந்து பாத்தாலும் கண்ணு விரியத்தான செய்யும்?" கத்தியை எடுத்து மறுபடி வெங்காயத்தை நறுக்கினாள். "வண்டி ஓட்டுதவுக சிக்னலப் பாக்க மாட்டாகளா, அது மாரிதான். அந்த நரம்பு பாதி எந்திரிக்கும்போதே அடுப்புல உள்ளத எறக்கி வச்சிரணும். பிள்ளைய பக்கத்து வீட்டுக்கு அனுப்பிரணும். முழுசும் எந்திரிச்சப்புறம் நேரம் இருக்காது."

பிள்ளை என்றால் அவர்கள் மகள். மஸ்கட்டில் இருக்கிறாள். வருவதில்லை. வேலை அதிகம் என்று கோமதிநாயகம் எல்லோரிடமும் சொல்வார்.

"அடிப்பாரா?"

"அது எதுக்கு இப்போ." மணிக்கட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்பளம் பொரிக்கும்போது எண்ணெ தெறிச்சுட்டுன்னு ஒங்கள்ட்ட சொல்லியிருப்பாகளே. அன்னைக்கு எங்க வீட்டுல அப்பளமே பொரிக்கல அண்ணாச்சி."

பக்கத்து வீடு என்றால் அது என் வீடு. அந்தச் சிறுமி எத்தனையோ சாயங்காலம் என் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளுக்கு வடை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இதை நான் கோமதிநாயகத்திடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போது நினைத்தால் தெரியவில்லை. மழை விட்ட பிறகு ஆற்றங்கரைக்கு நடந்து போனபோது, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தழும்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கே தெரிந்ததுதானே.

கொடி எழும் என்று நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். எழுந்த மாதிரி குரலில் தெரியவில்லை.

"அப்ப அவளுக்கு நான் நெத்தி மட்டும்தானா?"

"அப்படித்தான் தெரிஞ்சுது."

"நான் மூக்குப்பொடி போடுதது, சிரிக்குதது, ஒறங்குதது?"

"ஒண்ணும் தெரியல வே."

டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டார். தும்மல் வரவில்லை. "கார்த்திகைக்கு எத்தன நாளு இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈரிழைத் துண்டைப் புருவம் வரை இறக்கித் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தார். பல் வலிக்காரனும் கரகாட்டக்காரனும் சேர்ந்த ஒரு கோலம்.

"என்ன வேஷம் வே இது?"

"சத்தம் போடாதீரும்." வாயில் விரலை வைத்தார். "யோசிச்சுப் பாத்தேன். அவ கண்ணுல நெத்தி மட்டும்தான் தெரியுதுன்னா, நெத்திய மறைச்சா நான் தெரிய மாட்டேன். தெரியலன்னா பயப்பட மாட்டா. பேசாம மூலையில உக்காந்து பாப்பேன். அவ அவளா இருக்கும்போது பாப்பேன்."

இதைக் கேட்டு நான் என்ன நினைத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் நினைத்ததோ, அடேயப்பா என்ன மூளை என்றுதான். மன்னர்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போன மாதிரி இவர் தன் வீட்டுக்குள்ளேயே போகிறாரே என்று தெருவெல்லாம் சொல்லத் துடித்தேன். சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் ஓடி வந்தார்.

"வே! மூஞ்சி வந்துட்டு வே! கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. மொதல்ல வாய் வந்துச்சு, சிரிச்ச வாய். அப்புறம் கன்னம். அவளுக்குப் பல்லு ஒண்ணு கோணலா இருக்கு, தெரியுமா ஒமக்கு? எனக்குத் தெரியவே தெரியாது! கீரையப் பாத்து அப்படிச் சிரிக்கா. பாட்டு வேற. எங்கூட இருந்த இத்தன காலத்துல அவ பாடி நான் கேட்டதில்ல. இப்படி ஒருத்தியா எங்கூட இருந்தான்னு, பாக்கப் பாக்க எனக்கு…" மூக்கை உறிஞ்சினார். "இஷ்டம்னாகளே, அது இதுதான் போலிருக்கு."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. என் நோக்கிக்கு அது பழக்கமில்லை. குரலில் தெரிந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்: அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அளந்ததில்லை.

அதன் பிறகு அவர் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். பேசினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும். செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். இருமல் வந்தால் கொல்லைக்கு ஓடினார். மௌன விரதம் என்று ஊர் மரியாதையாகப் பேசியது. ஜெபராணி மேடத்திடம் போய்ச் சோதித்தபோது, முகம் நன்றாகப் பிடித்துவிட்டது, கவலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகைக்கு முந்தின வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மூக்குப்பொடி வாங்கப் போயிருந்தார். உலகம்மாள் வாசலில் கோலப்பொடி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவளிடம் நானாக ஒரு நல்ல வார்த்தை சொன்னேன்.

"மைனி, நீங்க நல்லாப் பாடுவியளாமே."

அவள் கை நின்றது.

"அப்ப அவுக ஒங்கள்ட்டயும் சொல்லிட்டாகளா."

"எதை?"

"துண்டக் கட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கத." தண்ணீரை வாசலில் விசிறி ஊற்றினாள். "மூக்குப்பொடி வாசம் எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? கண்ணுதான் போயிருக்கு, மூக்குமா போச்சு?"

நான் படியில் உட்கார்ந்தேன்.

"மொத நாளு நெத்தியக் காணும்னதும் அடுப்ப அணைச்சுட்டேன். அங்ஙன இருக்காகன்னு வாசம் சொல்லுது. எப்படி இருக்காகன்னு தெரியல. நரம்பு எந்திரிச்சிருக்கா, படுத்திருக்கா, ஒண்ணும் தெரியல. சத்தமும் இல்ல. எந்தப் பக்கமிருந்து வரும்னே தெரியாதுல்லா? அதனால சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன். சிரிச்ச மூஞ்சிய யாரு என்ன சொல்லுவா? பாட்டும் அப்படித்தான். சந்தோசமா இருக்கா போலன்னு விட்டுருவாகல்லா." டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். "முன்னயாவது அந்த நெத்தி படுத்திருந்தா நான் ஒரு மூச்சு விட்டுக்கிடுவேன். இப்ப நாள் முழுக்கச் சிரிக்கணும். கன்னமெல்லாம் வலிக்கு."

"நான் அவர்கிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்க" என்றாள் உடனே. "போன தடவ நீங்க சொன்னதுலதான் அந்த நெத்தியும் போச்சு."

கார்த்திகை வந்தது. ஜெபராணி மேடம் சொன்னபடி எல்லாம் இறுகிவிட்டது. தீபத்தன்று கோமதிநாயகம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். துண்டு அவிழ்ந்தபாடில்லை. மூலை நாற்காலியில் உட்கார்ந்து என் காதருகே கிசுகிசுத்தார்.

"நல்லா இறுகிட்டு வே. இனிமே சாகுத வரைக்கும் அந்த மூஞ்சிதான் எனக்கு. ஒரு சின்னக் கொறதான். அடுப்படியில தனியா இருக்கும்போது சில நேரம் மங்கிருது. பழைய உருண்டை ஆயிருது."

"அப்ப என்ன செய்வீரு?"

"அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். விரதத்த விட்டு, மெதுவாப் பேர மட்டும் சொல்லிக் கூப்பிடுவேன். ஒடனே தெளிஞ்சிரும். இப்பப் பாரும்."

சமையலறைப் பக்கம் திரும்பினார். அங்கே உலகம்மாள் எனக்காக ஒரு தட்டில் எதையோ எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

"உலகு" என்றார் மெல்ல.

அவள் நின்றாள். மூலையைப் பார்க்கத் திரும்பினாள்.

"பாத்தீரா! பாத்தீரா! எப்படித் தெளிஞ்சிட்டா பாத்தீரா!" என்று என் தொடையில் தட்டினார்.

நான் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, ஓரத்தையெல்லாம் திரட்டிப் பார்த்தேன். கழுத்துக்கு மேலே மூட்டமாக இருந்தது. தட்டில் இருந்த வடை மட்டும் தெரிந்தது, விளிம்பெல்லாம் பொன்னிறமாக, நடுவில் அழகான ஓட்டையோடு.